ரிடெல் பற்றி மூன்று நிமிடம்

நான் (19:02): வியாழக்கிழமை வகுப்பில், சுவீடனின் கோதன்பர்க் நகரில் பிறந்த ஒருவரைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். பழைய உதைபந்தாட்ட வீரர் ஸ்வென் ரிடெலைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். யாராவது உதவ முடியுமா?

மாமா (19:04): பெரியப்பாவிடம் கேள். மூன்று நிமிடம் என்பதை முதலிலேயே சொல்லிவிடு.

பெரியப்பா (19:21): பிள்ளை, 1905 ஜனவரி 14ஆம் திகதி பிறந்த ரிடெல், 1923 முதல் 1932 வரை சுவீடனுக்காக 43 ஆட்டங்களில் 49 கோல்கள் அடித்தார். பத்தொன்பது வயதில் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்கம் வென்றிருந்த பெல்ஜியத்தை அங்கே சுவீடன் 8–1 என்று சாய்த்தது. அரையிறுதியில் சுவிட்சர்லாந்திடம் தோற்றபோதும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் நெதர்லாந்துடன் சமநிலையில் முடிந்து, மறுபடியும் ஆடி வென்றதால்தான் வெண்கலம் கிடைத்தது. இத்தனையையும் அவர் தொழிலாக அல்ல, அமெச்சூர் வீரராகவே செய்தார் என்பதைத்தான் நீ அழுத்திச் சொல்ல வேண்டும்.

அத்தை (19:23): முதல் நிமிடம் முடிந்துவிட்டது, அண்ணா.

அப்பம்மா (19:26): சம்பளம் வாங்காமல் ஆடினால் அந்தப் பிள்ளையின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது?

பெரியப்பா (19:34): அம்மா, வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ஆட வேண்டும் என்பதே அன்றைய விதி. கழகங்கள் இரகசியமாகப் பணம் கொடுத்ததும் உண்டு. அப்படிக் கொடுத்ததற்காக மால்மோ கழகத்தை 1934இல் முதல்தர லீக்கிலிருந்தே இறக்கிவிட்டார்கள். சுவீடனில் அந்த விதி 1967 வரை நீடித்தது.

மாமா (19:36): சம்பளமில்லா உழைப்பைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. அண்ணா இருபது வருடம் இலவசமாகத் தமிழ் வகுப்பு எடுத்த கதை அடுத்து வரும்.

பெரியப்பா (19:37): அதை நான் சொல்லவில்லை, நீதான் சொன்னாய்.

அப்பா (19:41): ரிடெலின் கழகம் ஓர்கிரிட்டேதானே? அதையும் அவள் சொல்லட்டும்.

பெரியப்பா (19:49): ஆம். 1887இல் தொடங்கிய ஓர்கிரிட்டே, ரிடெல் ஆடிய காலத்தில், 1925–26இலும் 1927–28இலும் லீக்கில் முதலிடம் பெற்றது. ஆனால் லீக்கில் முதல்வருக்குச் 'சுவீடன் சாம்பியன்' பட்டம் கொடுக்கும் வழக்கம் 1931இல்தான் வந்தது என்பதால், அந்த இரண்டு வெற்றிகளுக்கும் பட்டம் இல்லை. இது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. அதே 1931இல், ஸ்வென்ஸ்கா டாக்பிளாடெட் நாளிதழின் தங்கப் பதக்கத்தைப் பெற்ற முதல் உதைபந்தாட்ட வீரராக ரிடெல் ஆனது கொஞ்சம் ஆறுதல்.

மாமா (19:52): வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த சுவீடன் வீரர் ஸ்லாடன் இப்ராஹிமோவிச்தான். அவரிடமிருந்து தொடங்கினால்தான் பிள்ளைகள் காது கொடுப்பார்கள்.

அத்தை (19:53): 2014 செப்டம்பர் 4ஆம் திகதி, எஸ்தோனியாவுக்கு எதிராக ஸ்லாடன் ஐம்பதாவது கோலை அடித்து, சுவீடனுக்காக அதிகக் கோல்கள் என்ற ரிடெலின் சாதனையை முறியடித்தபோது, என் வீட்டில் கை தட்டாமல் இருந்தவர் ஒருவர் மட்டுமே.

பெரியப்பா (19:58): தேநீர்க் கோப்பை கையில் இருந்தது என்று எத்தனை முறை சொல்வது? 82 ஆண்டுகள் நின்ற சாதனை அது. ஸ்லாடன் 122 ஆட்டங்களில் 62 கோல்கள் அடித்தார். யார் பெரியவர் என்பதை வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமா (20:01): ரிடெல் பெரும்பாலும் டென்மார்க், நோர்வே, பின்லாந்து என்று பக்கத்து வீட்டாருடன் ஆடினார் என்பதையும் வகுத்தலில் சேர்க்க வேண்டும்.

அப்பா (20:03): இருவரும் இதை ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசிக்கொள்ளலாம்.

பெரியப்பா (20:10): குன்னார் நோர்டால் என்ற இன்னொரு சுவீடன் வீரரின் கதையைக் கேளுங்கள். 33 ஆட்டங்களில் 43 கோல்கள் அடித்தவர், 1949இல் இத்தாலியின் மிலான் கழகத்தில் சம்பளத்துக்கு ஆடப் போனதும் தேசிய அணிக் கதவு அவருக்கு மூடியது. சொந்த நாட்டில் 1958 உலகக் கிண்ணம் நடந்தபோதுதான் தொழில்முறை வீரர்களைத் திரும்ப அழைத்தார்கள். ரிடெல் காலத்து விதி எவ்வளவு கடுமையானது என்பது இதிலிருந்தே தெரியும்.

நான் (20:14): பெரியப்பா, இப்போதே ஏழு நிமிடம் வருகிறது.

அப்பம்மா (20:15): பெரியப்பா சொன்னதை எல்லாம் சொல், பிள்ளை.

மாமா (20:16): ஸ்லாடனிலிருந்து தொடங்கு.

நான் (20:22): அப்பம்மாவின் அடுப்புக் கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். நோர்டாலை விட்டுவிடவா?

பெரியப்பா (20:23): தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், பொறு.