பயிற்சி முடித்த ஆசிரியர்களும் "புரிந்ததா?" என்றுதான் கேட்கிறார்கள், என்ன செய்யலாம்?

கரும்பலகை:
பள்ளி ஆசிரியர்களுக்கு விமர்சனச் சிந்தனை பற்றி ஆறு வாரம் ஆன்லைனில் பயிற்சி கொடுத்தோம். வீடியோ, வினாடி வினா, கடைசியில் சான்றிதழ். எல்லாரும் முடித்தார்கள், சிந்தனையை நினைவுகூர்வதிலிருந்து படைப்பதுவரை அடுக்கும் ப்ளூமின் படிநிலைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அப்புறம் நாலைந்து வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தால், பாடத்தை நடத்திவிட்டு "புரிந்ததா?" என்கிறார்கள், பிள்ளைகள் கோரஸாகப் "புரிந்தது" என்கிறார்கள், அடுத்த பக்கம். வீடியோக்களை மாற்றுவதா, இல்லை ஆன்லைனில் இது ஆகாத காரியமா?

பின்வரிசை:
சிந்திக்க வைப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, நாலில் ஒன்றை டிக் செய்யச் சொன்னால் வேறென்ன நடக்கும்? நாங்கள் வீடியோவைப் பாதியாக வெட்டினோம். அதற்குப் பதில், ஆசிரியர் வாரம் ஒரு முறை தன் வகுப்பில் பத்து நிமிடம் குரலை மட்டும் ஃபோனில் பதிவு செய்து, கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி பொறுத்தார் என்று தானே எண்ண வேண்டும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் பொறுப்பது ஏறக்குறைய ஒரு விநாடி. மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள்.

ஓர் அறிவியல் ஆசிரியையின் பதிவு எனக்கு மறக்காது. விளிம்புவரை தண்ணீர் உள்ள டம்ளரில் பனிக்கட்டி மிதக்கிறது, உருகினால் வழியுமா என்று கேட்கிறார். ஒரு பையன் "வழியும், ஏன்னா..." என்று ஆரம்பிக்கிறான். "இல்லை, வழியாது" என்று இவரே விளக்கத் தொடங்கிவிடுகிறார். அந்த "ஏன்னா"வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமலே போயிற்று. பதிவைத் திரும்பக் கேட்டபோது அவரே தலையில் கைவைத்துக்கொண்டார்.

சுண்ணக்கட்டி:
பொறுப்பது சரி, ஆனால் பொறுத்திருந்து கேட்கும் கேள்வி எங்கிருந்து வரும்? எல்லாப் பாட ஆசிரியர்களையும் ஒரே ஜூம் அறையில் அடைத்துப் பொதுவாகச் 'சிந்தனைத் திறன்' சொல்லித்தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டேனியல் வில்லிங்ஹாம் என்ற உளவியலாளர் 2007ல் வாதிட்டதும் இதுதான், பாட அறிவைக் கழற்றிவிட்டுத் தனியாகச் சிந்திக்கப் பழக்க முடியாது. பாடவாரியாகப் பிரியுங்கள். கணக்கு ஆசிரியர்களுக்குத் தப்பாகப் போட்ட ஒரு கணக்கைக் கொடுத்து எந்த வரியில் சறுக்கியது, அந்தப் பிள்ளை என்ன நினைத்து அப்படிப் போட்டிருக்கும் என்று கேளுங்கள், வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரே சம்பவத்தைப் பற்றி முரண்படும் இரண்டு சாட்சியங்கள். நாலு பேருக்கு மேல் ஒரு குழுவில் போடாதீர்கள், கேமராவை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்வார்கள்.

கரும்பலகை:
பாடவாரியாகப் பிரிப்பது உடனே செய்யக்கூடியது. பதிவுதான் உதைக்கிறது. மேலிடத்துக்குப் போய்விடும் என்று பயப்பட மாட்டார்களா?

பின்வரிசை:
பயந்தார்கள். அதனால் பதிவு எங்களிடமே வராது, விநாடிக் கணக்கை மட்டும் எழுதி அனுப்பினால் போதும், விரும்பியவர்கள் ஒரு நிமிடத் துண்டைக் குழுவில் போடலாம் என்று மாற்றினோம். முதல் இரண்டு வாரம் ஒருவரும் போடவில்லை. மூன்றாம் வாரம் நான் சொதப்பிய வகுப்பு ஒன்றின் பதிவை நானே போட்டேன், அன்று ராத்திரியே மூன்று பேர் போட்டார்கள். அந்தப் பனிக்கட்டி அதில் ஒன்று.