டுனாலியெல்லா (உப்புத்தண்ணி பாசி) பச்சையாவே கெடக்கு, ஆரஞ்சு ஆக மாட்டேங்குது, யாராவது சொல்லுங்க

உப்புக்காத்து:
வணக்கம் மக்களே. தூத்துக்குடி பக்கம், உப்பளத்த ஒட்டி வீடு. மொட்டமாடில தார்ப்பாய் தொட்டி கட்டி பீட்டா கரோட்டினுக்காக (அந்த ஆரஞ்சு சாயம்) டுனாலியெல்லா சலினா வளக்கேன், ரெண்டு அடி ஆழம், உப்பு அடர்த்தி 10 டிகிரி (அளத்து ஹைட்ரோமீட்டர்ல பாத்தது). ஒன்றரை மாசமாச்சு, நல்லாத்தான் வளருது ஆனா கீரைத்தண்ணி மாதிரி அப்படியே பச்சையா நிக்கு. வாரம் தவறாம பொட்டாசியம் நைட்ரேட் உரம் போடுறேன், வெயில் ஓவரா அடிக்குன்னு வலையும் கட்டிட்டேன், இன்னும் என்னதான் செய்ய? பக்கத்து பாத்தி நல்ல ரோஸ் கலர்ல கெடக்கு, ஒரு வாளி அள்ளி ஊத்திரவா?

பாசிக்கிறுக்கன்:
அய்யோ ஊத்திராதீங்க. உப்பு விளையுற பாத்தில, 25 டிகிரி கிட்ட, அந்த ரோஸ் பெரும்பாலும் ஹாலோபாக்டீரியா, உப்புல வாழுற வேற நுண்ணுயிர். அதோட சாயம் வேற, பாக்டீரியோரூபெரின். மைக்ரோஸ்கோப் கெடச்சா 400 மடங்குல பாருங்க, பேரிக்கா மாதிரி ரெண்டு வால் வச்சு நீந்துனா டுனாலியெல்லா, பொடிப்பொடியா தெரிஞ்சா மத்தது.

மொட்டமாடி_லேப்:
அண்ணாச்சி, நீங்க இவ்ளோ கவனிக்கிறதுதான் பிரச்சினையே 😀 வெயில் தாங்காமதான் அது கரோட்டின சேக்குது, அதுக்கு அது குடை மாதிரி. நீங்களே வலை கட்டி குடை புடிச்சா அது எதுக்கு விரிக்கும்? நைட்ரேட்ட நிப்பாட்டுங்க, பட்டினி கெடந்தாதான் கலர் வரும். ரெண்டு அடி ஆழமும் ஆகாது, மேல உள்ள செல்லு வெளிச்சத்த குடிச்சிரும், கீழ இருட்டு. இஸ்ரேல்ல எய்லாத் பக்கம் பண்றவங்க 20 சென்டிமீட்டர் ஆழத்துலதான் சுத்த விடுறாங்க.

உப்புக்காத்து:
அப்போ இன்னைக்கே ரெண்டு மூட்டை உப்பு தட்டி 20 டிகிரி ஆக்கிரட்டா?

மொட்டமாடி_லேப்:
அவசரப்படாதீங்க. முழு தொட்டியையும் தொடாதீங்க, ஒரு டப்புல அரை அடி மட்டும் எடுத்து பாருங்க. அதுக்கு கெட்டியான செல் சுவர் கெடையாது, உள்ள கிளிசரால் சேத்துதான் வெளி உப்ப சமாளிக்கும், அதுக்கு டைம் வேணும். தெனம் 2 டிகிரி ஏத்துங்க போதும். இன்னொண்ணு, கலர் ஏற ஆரம்பிச்சா பெருகுறது நின்னுரும், அதனால மொதல்ல பச்சையா நல்லா அடர்த்தி ஆக்கிட்டு அப்புறம்தான் வாட்டணும்.

பாசிக்கிறுக்கன்:
ஐப்பசி மழைய மறந்துராதீங்க. திடீர்னு நல்ல தண்ணி எறங்குனா செல்லு ஊதி வெடிச்சிரும். எனக்கு ஒரே ராத்திரில போச்சு, காலைல பாத்தா நுரைதான்.

உப்புக்காத்து:
12 நாள் கழிச்சு அப்டேட்: வலைய கழட்டிட்டேன், டப்பு இப்போ 20 டிகிரி. மொதல்ல பழுத்த எலை மாதிரி மஞ்சளாச்சு, செத்துருச்சுன்னு நெனச்சு தூக்கி ஊத்தப் போனேன், நேத்து பாத்தா டீ கலர், ஓரத்துல ஆரஞ்சு வளையம்! பெரிய தொட்டிய தை மாசம் வரைக்கும் தொடல. சரி, இத துணில வடிகட்டிரலாம்ல?

மொட்டமாடி_லேப்:
ஸ்பைருலினான்னா வடிகட்டலாம், அது நூல் மாதிரி நீளமான பாசி. இது பொடி செல்லு, துணில நிக்காது. படிகாரம் போட்டா அடில படியும், ஆனா வாய்ல போடுற பொருளுக்கு அது வேணாம். சென்ட்ரிஃபியூஜ்தான், வேகமா சுத்தி பிரிக்கிற மெஷின்.

உப்புக்காத்து:
போச்சு, வீட்டுல கெஞ்சி நல்ல வேட்டியா ரெண்டு கிழிச்சு வச்சிருந்தேன்.