சிறு தொழிலாக வினைல் ஸ்டிக்கர்: முதலில் எந்த இயந்திரத்தை வாங்குவது?

கரூர்த் தறி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, குழந்தை பிறந்த பின் வேலையை விட்டவள் நான். கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருள் கை பழகிய ஒன்று என்பதால், வீட்டிலிருந்தபடியே ஸ்டிக்கர் தொழில் செய்யலாம் என்று தொடங்கினேன். கணினிக் கோப்பின்படி 12 அங்குல அகலம் வரை வெட்டும் ஒரு கேமியோ இயந்திரமும், ஏற்கெனவே வீட்டிலிருந்த இங்க்ஜெட் பிரிண்டரும், அதில் அச்சிடக்கூடிய வினைல் தாளும்தான் என் முதலீடு.

முதல் பெரிய வேலையாக, அருகிலுள்ள ஒரு மழலையர் பள்ளிக்கு 150 தண்ணீர்ப் பாட்டில் பெயர் ஸ்டிக்கர்கள் செய்து கொடுத்தேன். மேலே பளபளப்பான லேமினேஷனும் ஒட்டியிருந்தேன். பத்து நாள்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஓரங்களில் நிறம் கசிந்து, முனைகள் தூக்கிக்கொண்டு நின்றன. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பள்ளியும் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. ஆனால் எங்கே தவறினேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

இதைக் கேட்ட ஓர் இயந்திர விற்பனையாளர், அச்சிடுவதையும் வெட்டுவதையும் சேர்த்தே செய்யும் ஈகோ சால்வென்ட் (கரைப்பான் கலந்த மையால் அச்சிடும்) இயந்திரத்தைக் கடனில் வாங்கிவிட்டால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்கிறார். வாங்கலாமா? இந்தத் தொழிலில் விலையை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஈரோடு அச்சகத்தார் எழுதியது:

வணக்கம் அம்மா. இயந்திரத்தைப் பற்றிப் பேசும் முன், அந்த 150 ஸ்டிக்கர்களைப் பிரேதப் பரிசோதனை செய்துவிடுவோம்; உங்கள் கேள்விக்கான பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கரூர்க்காரரான உங்களுக்குச் சாயத்துக்கும், நீரில் கரையாத நிறத்துகளான பிக்மெண்ட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றில் வண்ணங்கள் நீரில் கரையும் சாய மையாகவே இருக்கின்றன. கறுப்பு மட்டும் பிக்மெண்ட்டாக இருப்பதும் உண்டு. நீங்கள் மேலே லேமினேஷன் ஒட்டியது சரிதான், ஆனால் வெட்டும்போது பிளேடு லேமினேஷனையும் மையையும் வினைலையும் ஒரே கோட்டில் அறுத்துவிடுகிறது. ஆகவே மேற்பரப்பு மூடியிருந்தாலும் வெட்டு விளிம்பில் மைப்படலம் திறந்தே கிடக்கிறது, தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. நான்கு வண்ணங்களும் பிக்மெண்ட்டாக உள்ள பிரிண்டர் ஒரு தீர்வு. செலவில்லாத தீர்வு ஒன்றும் உண்டு: படத்தைச் சுற்றி 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை அச்சில்லாத வெள்ளை ஓரம் விட்டு வெட்டுங்கள். விளிம்பில் மையே இல்லாவிட்டால் கசிவதற்கும் எதுவுமில்லை.

முனைகள் தூக்கியதற்கு வேறு காரணம். மலிவான வினைல், காலண்டர் முறையில் சூடான உருளைகளுக்கு இடையே அழுத்தித் தேய்க்கப்பட்டுத் தாளாகிறது. சப்பாத்தி மாவைத் தேய்த்துவிட்டுக் கையை எடுத்தால் அது சற்றே சுருங்குகிறதல்லவா, அந்தச் சுருங்கும் குணம் இந்த வினைலிலும் தங்கியிருக்கிறது. காஸ்ட் வினைலோ தோசை மாவைப் போல் திரவமாக ஊற்றிக் காயவைக்கப்படுவது. அதில் இழுவிசை இல்லாததால் அது சுருங்குவது மிகக் குறைவு, வளைவுகளிலும் அழகாகப் படியும். மானோமெரிக் என்று கடையில் கிடைக்கும் காலண்டர் வினைல் பெரும்பாலும் 80 மைக்ரான் அளவிலும், காஸ்ட் வினைல் 50 மைக்ரான் அளவிலும் இருக்கும். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட தரம் பாலிமெரிக். பாட்டில் ஸ்டிக்கருக்குக் காஸ்ட் கட்டாயமில்லை, பாலிமெரிக்கே போதும்.

பாட்டில் எந்தப் பொருளாலானது என்பதையும் பாருங்கள். குழந்தைகளின் பிளாஸ்டிக் பாட்டில்கள் பலவும் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். இவற்றின் மேற்பரப்பில் சாதாரண ஒட்டுப்பசை சரியாகப் பிடிப்பதில்லை. அதற்கென உள்ள அதிகப் பிடிப்புப் பசை வினைலைக் கேட்டு வாங்க வேண்டும். எவர்சில்வர் பாட்டிலில் அந்தச் சிக்கல் இல்லை. கூர்முனைகளே முதலில் கிளம்பும் என்பதால் மூலைகளை வளைத்து வெட்டுங்கள். ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவும், ஒட்டிய பின் ஒரு நாள் முழுவதும் கழுவாமல் இருக்கவும் சொல்லும் ஒரு சிறு துண்டுச் சீட்டை ஒவ்வொரு பொட்டலத்திலும் வையுங்கள். என் அனுபவத்தில் அந்தச் சீட்டு பாதிப் புகார்களைக் குறைத்திருக்கிறது.

இப்போது இயந்திரம். ஈகோ சால்வென்ட் இயந்திரம் வேண்டாம் என்பதே என் கருத்து, குறைந்தது இந்த ஆண்டுக்கு வேண்டாம். ஈரோட்டிலும் கோவையிலும் சிவகாசியிலும் 12க்கு 18 அங்குல வினைல் தாளில் டிஜிட்டல் அச்சு அடித்துத் தரும் கடைகள் ஏராளம். அங்கே டோனர் என்ற பொடி மையால் அடிப்பார்கள், அது தண்ணீரில் கரையாது. எங்கே வெட்டுவது என்று இயந்திரம் அறிய உதவும் வெட்டுக் குறிகளோடு கோப்பைக் கொடுத்து அச்சடித்து வாங்கி, உங்கள் கேமியோவிலேயே வெட்டுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அச்சடிப்பவர் தாளுக்குப் பொருந்துமாறு கோப்பைச் சுருக்கிவிடக் கூடாது, நூறு விழுக்காடு அளவிலேயே அடிக்கச் சொல்லிவிட்டு, முதல் தாள் வந்ததும் குறிகளுக்கு இடையேயுள்ள தூரத்தை அடிக்கோலால் அளந்து பாருங்கள்.

கோவை ஸ்டிக்கர் பட்டறை எழுதியது:

ஈரோட்டு ஐயா சொன்னவற்றுள் பொருளைப் பற்றிய பகுதி முழுவதையும் ஏற்கிறேன். இயந்திரத்தைப் பற்றிய கருத்தில் மட்டும் எனக்குச் சற்று மாறுபாடு உண்டு.

நான் 20 அங்குல அகலமுள்ள ரோலண்ட் ஈகோ சால்வென்ட் இயந்திரத்தை வைத்திருக்கிறேன். அச்சிட்டு முடித்ததும் அதே இயந்திரம் அதே தாளை வெட்டிவிடுகிறது. லேமினேஷன் வேண்டியவற்றை மட்டும் வெளியே எடுத்து ஒட்டி, மீண்டும் செலுத்துகிறேன். பொறியியல் கல்லூரி மாணவர் மன்றங்களும் காபிக் கடைகளும் மாலையில் கோப்பை அனுப்பி, மறுநாளே வேண்டும் என்று கேட்கும்போது, வெளிக்கடையில் வரிசையில் நின்றால் அந்த வேலை கைநழுவிவிடும். அதே நீலம் அடுத்த முறையும் அதே நீலமாக வர வேண்டும் என்றால் இயந்திரம் நம் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் விற்பனையாளர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நான் நினைப்பவற்றையும் சொல்கிறேன். இது மாடு வளர்ப்பதைப் போன்றது. தீபாவளி, பொங்கல் என்று விட்டுவிட்டு ஊருக்குப் போக முடியாது. ஓரிரு வாரம் ஓடாமல் நின்றால் மையைப் பீய்ச்சும் ஹெட்டின் நுண்துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க இயந்திரம் தானே சுத்தம் செய்துகொள்ளும்போதும் மை செலவாகிக்கொண்டே இருக்கும். வினைலின் ஓரம் சற்று மடங்கியிருந்து ஹெட்டில் உரசினால், மாற்றுச் செலவு ஒரு மாத வருமானத்தை விழுங்கிவிடும். எனக்கு முதல் ஆண்டிலேயே அது நேர்ந்தது; பழுதுபார்க்க ஆள் வர பதினொரு நாள்கள் ஆயின.

இன்னொன்று, அச்சிட்ட உடனே லேமினேஷன் ஒட்டக் கூடாது. மையிலுள்ள கரைப்பான் ஆவியாக வெளியேறக் குறைந்தது 24 மணி நேரம் வேண்டும். சுருளை இறுகச் சுற்றி வைக்காமல் தளர்த்தி நிறுத்தியோ, தாள்களாக விரித்தோ வைக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் கரைப்பான் கீழ்நோக்கிப் போய் ஒட்டுப்பசையை இளக்கிவிடும், வெட்டிய ஸ்டிக்கரின் ஓரங்கள் சுருளும். ஆக, லேமினேஷன் உள்ள வேலைக்கு "இன்றே தருகிறேன்" என்ற வாக்குறுதியை இந்த இயந்திரத்தை நம்பியும் கொடுக்க இயலாது. இத்தனைக்குப் பிறகும் எனக்கு அது கட்டுப்படியாகிறது, ஏனென்றால் ஞாயிறு தவிர எல்லா நாளும் அது ஓடுகிறது. அப்படி ஓட்டுவதற்கு வேலை இல்லாதவரை வாங்காதீர்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால் முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான மானியக் கடனை, இயந்திரத்தை வாங்கி ஓட்டத் தொடங்கிய பின் கேட்டால் ஏற்கமாட்டார்கள்.

நாமக்கல் ரேடியம் கடை எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் அச்சுத் தொழிலில் இல்லை. நாமக்கல்லில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும், திருச்செங்கோட்டு ஆழ்குழாய் வண்டிகளுக்கும் இருபது ஆண்டுகளாக ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறேன். எங்கள் பக்கம் ஒளியைத் திருப்பும் ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் ரேடியம் என்றே பெயர். அதில் ரேடியம் ஒரு துளியும் இல்லை, நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோதான் இருக்கின்றன.

இவர்கள் இருவரும் அச்சைப் பற்றியே பேசுகிறார்கள். அச்சே இல்லாத வேலையும் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரே வண்ண வினைலில் எழுத்தை வெட்டி, வேண்டாத பகுதியை உரித்தெடுத்து, டிரான்ஸ்ஃபர் டேப்பில் தூக்கி ஒட்டுவதில் மை இல்லை, ஹெட் இல்லை, கசிவும் இல்லை. கடைக் கண்ணாடிக் கதவில் வேலை நேரம், மருத்துவரின் பெயர், வண்டியில் குலதெய்வத்தின் பெயர் என்று ஊருக்குள் வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும். தமிழ் எழுத்தில் ஒரு கவனம் வேண்டும்: மெல்லிய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியதாக இருந்தால், உரிக்கும்போது அது கூடவே வந்துவிடும். வெட்டும் முன் புள்ளிகளை நான் கையால் பெரிதாக்கிவிடுவேன்.

பிளேடு விஷயத்தில் உங்கள் கேமியோவுக்கும், என் வெட்டும் இயந்திரமான பிளாட்டருக்கும் ஒரே இலக்கணம்தான். பிளேடின் முனை வினைலை மட்டும் அறுத்துப் பின்தாளில் கோடு மட்டும் இட வேண்டும். பின்தாள் அறுபட்டால் பிளேடு அதிகம் நீண்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு புதுச் சுருளுக்கும் மூலையில் ஒரு சிறு சதுரத்தை வெட்டி உரித்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். சாதாரண வினைலுக்கு 45 பாகைப் பிளேடு. தடித்த ரேடியத்துக்கு 60 பாகை. கண்ணாடி மணி உள்ள ரேடியம் பிளேடை விரைவில் மழுக்கிவிடும் என்பதால் அதற்குத் தனிப் பிளேடு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி எண் பலகையை நம்பி இறங்காதீர்கள். 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் வண்டிகள் உயர் பாதுகாப்புப் பலகையோடே வருவதால், எங்களின் அந்த வருமானம் தேய்ந்துவிட்டது. "பிரஸ்", "போலீஸ்" என்று வெட்டித் தரச் சொல்லிக் கேட்பவர்களிடம் நான் மறுத்துவிடுகிறேன். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே மாதத்திலிருந்து தனியார் வண்டிகளில் அத்தகைய ஸ்டிக்கர்களுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கிய பின், ஒட்டிக்கொண்டு போனவர்களே திரும்பி வந்து உரித்துத் தரச் சொன்னார்கள். உரிப்பதற்கும் கூலி வாங்கினேன்.

கரூர்த் தறி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பெரிய இயந்திரத்தை இப்போதைக்கு வாங்கப் போவதில்லை. ஈரோட்டிலிருந்து பத்து வினைல் தாள்கள் லேமினேஷனோடு அச்சடித்து வரவழைத்தேன். ஆனால் பளபளப்பான லேமினேஷன் உள்ள தாள்களில் கேமியோவால் குறிகளைக் கண்டறிய முடியவில்லை. மங்கலான தாள்களில் உடனே கண்டறிந்துவிட்டது. செக்கு எண்ணெய் விற்கும் ஒருவர், 2 அங்குல வட்டத்தில் 500 மூடி ஸ்டிக்கர்களுக்கு விலை கேட்டிருக்கிறார். எவ்வளவு சொல்வதென்று தெரியவில்லை.

ஈரோடு அச்சகத்தார் எழுதியது:

பளபளப்பில் ஒளி தெறிப்பதால் உணரி குழம்புகிறது. குறிகளின் மேல் மட்டும் எழுதக்கூடிய மங்கல் டேப்பைச் சிறு துண்டாக ஒட்டுங்கள், படித்துவிடும்.

விலைக்கு வருவோம். 12க்கு 18 தாளில் 2 அங்குல வட்டங்களைக் கால் அங்குல இடைவெளியில் அடுக்கினால், காகிதக் கணக்கில் 5 பெருக்கல் 8, அதாவது 40 வரும். நாற்புறமும் குறிகளுக்காக அரை அங்குலம் விட்டதும் அது 5 பெருக்கல் 7, 35 ஆகிவிடும். 35ஐக் கொண்டு கணக்கிட்டால் 500க்கு 15 தாள்கள் வேண்டும். இரண்டைக் கெட்டுப்போவதற்கென்று சேர்த்து 17 தாள்களின் விலையை வாங்கிக்கொள்ளுங்கள். 40 என்று நினைத்து விலை சொல்பவர்கள் முதல் வேலையிலேயே கையைக் கடித்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் ஒரு தாளை வெட்டி, உரித்து, எண்ணி அடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, உங்கள் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் விரும்பும் கூலியால் பெருக்கிச் சேருங்கள். கோப்பைச் சரிசெய்யும் நேரத்துக்குத் தனித் தொகை வாங்குங்கள். ஒன்பது ஆண்டுகள் வடிவமைத்த கை இலவசம் ஆகாது.

இதே வட்டத்தை 50,000 கேட்டால் சிவகாசிக்கு அனுப்பிவிடுங்கள், அந்த விலையில் நாம் போட்டியிட முடியாது. 200, 500 என்று கேட்கும் செக்கு எண்ணெய்க்காரர்களும் ஊறுகாய் போடுபவர்களும் சோப்புச் செய்பவர்களும்தான் நமக்குரியவர்கள், அவ்வளவு குறைவாக அங்கே ஆஃப்செட்டில் அடிப்பது கட்டுப்படியாகாது. முழு லேபிளும் கேட்டால் உணவு உரிம எண், நிகர எடை, அதிகபட்ச விலை ஆகியவற்றை எழுத்துமூலம் அவரிடமிருந்தே வாங்கி அச்சிடுங்கள். கார்ட்டூன் பாத்திரங்களையும் பெரிய நிறுவனச் சின்னங்களையும் கேட்டால் மறுத்துவிடுங்கள். 1999 வணிகச் சின்னச் சட்டப்படி போலிச் சின்னம் இடுவதற்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, பொருள் விற்பனை மட்டும் செய்வோருக்கு நம் மாநிலத்தில் ஆண்டு வரவு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் பெங்களூருக்கோ கொச்சிக்கோ ஸ்டிக்கரை விற்கத் தொடங்கினால் வரவு எவ்வளவாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டியிருக்கும், ஆகவே வெளிமாநில வேலையை ஏற்கும் முன் ஒரு கணக்காளரைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று: அந்த எண்ணெய்க்காரரின் மூடிகள் எண்ணெய்ப் பிசுக்கோடுதான் வரும். ஒட்டும் வேலையையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். ஒப்புக்கொள்வதானால் துடைப்பதற்குத் தனிக் கூலி பேசிக்கொள்ளுங்கள்.

கரூர்த் தறி எழுதியது:

நேற்றே கட்டிவிட்டார், ஐயா. 500 மூடிகளும் ஒரு சாக்கில் வந்து இறங்கியிருக்கின்றன. கூலி பேச இன்று மாலை போகிறேன்.