வியாசர்பாடி வீடு (குடும்பக் குழு)

செவ்வாய்க்கிழமை

தங்கை, மாலை 6:42
குட்டி இன்று பள்ளியிலேயே காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டான். கிச்சடி. சாம்பார் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினானாம். நான் கட்டிக் கொடுத்த இட்லி அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

மாமா, 6:50
நல்லதும்மா. ஆனால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே, ஒன்று சொல்கிறேன். நம் வீட்டில் மாவு இருக்கிறது, கட்டிக் கொடுக்க நீ இருக்கிறாய். அவன் பங்கை இல்லாத வீட்டுப் பிள்ளை சாப்பிடட்டுமே.

தங்கை, 6:53
எனக்கும் அதுதான் மாமா உறுத்துகிறது. பெரியம்மா, நீங்கள் சொல்லுங்கள்.

பெரியம்மா, 7:20
தம்பி, நீ நல்ல மனசோடுதான் சொல்கிறாய். ஆனால் கணக்கு அப்படி ஓடாது. சத்துணவில் சாப்பிடும் பிள்ளைகளை எண்ணித்தான் அரிசி அளப்போம். ஐந்தாம் வகுப்பு வரை தலைக்கு 100 கிராம், அதற்கு மேல் 150. ஒரு பிள்ளை வேண்டாம் என்றால் அந்த 100 கிராம் பக்கத்துத் தட்டுக்குப் போகாது, மூட்டையிலேயே கிடக்கும். காலை உணவும் அப்படித்தான். பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு.

மாமா, 7:22
இது எனக்குத் தெரியாது அக்கா.

நான், 7:24
பெரியம்மா எந்த வருஷம் சத்துணவு வேலையில் சேர்ந்தீர்கள்?

பெரியம்மா, 7:41
1982. ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். கிராமங்களில் ஆரம்பித்தார். செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் நகரத்துப் பள்ளிகளுக்கும் வந்தது. அப்போது விறகு அடுப்புதான். முட்டையெல்லாம் கிடையாது. 1989இல்தான் கலைஞர் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை கொடுத்தார். வாரம் ஐந்து முட்டை ஆனது 2010இல்.

திங்கட்கிழமை மட்டும் எங்களுக்குச் சோறு பத்தாது. சனி, ஞாயிறு வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்பது திங்கட்கிழமை பானையில் தெரிந்துவிடும். காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுகிற பிள்ளையும் அன்றைக்குத்தான் அதிகம். 2022இல் காலை உணவு வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். செய்தி பார்த்ததும் அந்தத் திங்கட்கிழமைகள்தான் நினைவுக்கு வந்தன.

பெரியம்மா, 7:52
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிபன் பாக்ஸ் கொண்டுவருகிற பிள்ளைகள் வேப்பமரத்தடிக்குப் போவார்கள், தட்டு வைத்திருக்கிறவர்கள் வராந்தாவில் உட்காருவார்கள். யாரும் சொல்லி அல்ல, தானாகவே அப்படிப் பிரிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு வந்த ஒரு பெண் தட்டு எடுத்துவருவதையே நிறுத்திவிட்டாள். கேட்டால் பசிக்கவில்லை என்பாள். மணி அடிக்கும்வரை குழாயடியில் நின்று தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பாள். அப்புறம் நான் அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சாக்கு மடித்துப் போட்டு உட்காரவைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். முட்டையை மட்டும் கடைசிவரை தட்டு ஓரத்தில் வைத்திருந்தாள்.

மரத்தடிப் பிள்ளைகளில் நாலு பேர் வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தால் அவள் ஏன் சுவரைப் பார்க்கப் போகிறாள்? குட்டி அங்கேயே சாப்பிடட்டும் பாப்பா. நம் பிள்ளை சாப்பிட்டால்தான் சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று நாமும் போய்ப் பார்ப்போம்.

தங்கை, 7:55
சரி பெரியம்மா. இட்லி இனிமேல் சாயங்காலத்துக்கு.

அப்பா, 8:10
பள்ளியில் சாப்பாடு போடுவதே நம் சென்னையில் ஆரம்பித்த விஷயம். 1920இல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் ஆகக்கூடாது என்று தீர்மானம். வெள்ளைக்கார அரசு அந்தச் செலவுக்கு ஒப்பாததால் சில வருஷத்தில் நின்றுபோனது. 1956இல் காமராஜர் மறுபடி கொண்டுவந்தார். நான் அந்தச் சாப்பாடு சாப்பிட்டுத்தான் படித்தேன். உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

நான், 8:12
இல்லை அப்பா, சொன்னதே இல்லை.

அப்பா, 8:13
அந்தப் பெண் மாதிரிதான் நானும். வெட்கம்.

மாமா, 8:20
நாளைக்கு என்ன போடுவார்கள்?

தங்கை, 8:21
புதன்கிழமை பொங்கல், சாம்பார்.

மாமா, 8:22
நாளைக்கு நானே அவனைக் கொண்டுபோய் விடுகிறேன்.

பெரியம்மா, 8:25
வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே பரிமாறிவிடுவார்கள், நேரத்தோடு போ. பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்துவந்து எனக்குச் சொல்.