ஆர்எக்ஸ்-7 எயார் பம்ப் சத்தம்: கழற்றுவதா, திருத்துவதா?

வாவிக்கரை (கல்லடி)
பெரியப்பாவின் 1988 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கார் இப்போது என்னிடம் இருக்கிறது. எஃப்சி என்கிற இரண்டாம் தலைமுறை மாடல், 13பி டர்போ ரோட்டரி என்ஜின். பல வருடம் வாவிக்கரைக் கொட்டிலுக்குள் நின்ற வண்டி, ஓட்டத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் எயார் பம்ப் இருக்கும் பக்கத்தில் இருந்து ஆட்டுக்கல்லில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். அக்ஸிலேட்டரை மிதித்தால் அது ஊளையாக மாறுகிறது. ஜன்னலைத் திறந்தபடி கல்லடிப் பாலத்தில் போனால் காது கூசுகிறது. ஒரு கராஜில் பம்புக்குள் ஓயில் விட்டுப் பெல்ட்டை நன்றாக இறுக்கித் தந்தார்கள். இரண்டு நாள் அமைதி, அப்புறம் முன்பை விட மோசம். பம்பைக் கழற்றி விடலாமா?

கல்முனை மெக்கானிக்
கழற்று தம்பி, யோசிக்காதே. அந்தப் பம்ப் இல்லாமலும் என்ஜின் ஓடும். எரியாமல் வெளியே வருகிற பெற்றோலை எக்ஸோஸ்டிலேயே எரிப்பதற்குக் காற்று ஊதுவதுதான் அதன் வேலை, வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அரைகிற பெயரிங் ஒருநாள் இறுகிப் பிடித்தால் பெல்ட் கருகி அறும், அறுந்த துண்டு பக்கத்துப் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும், அதோடு வோட்டர் பம்ப் நின்றுவிடும். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழல்கிற இந்த ரோட்டரி என்ஜின் சூட்டைத் தாங்காது. அலுமினிய ஹவுசிங்கும் இரும்புத் தட்டும் அடுக்கடுக்காக இருக்கிற என்ஜின் அது, ஒருமுறை கொதித்தால் நடுவில் இருக்கிற தண்ணீர் சீல் போய்விடும். கொழும்புக்குப் போகிற வழியில் வெல்லவாயவில் ராத்திரி அப்படி நின்றால் என்ன செய்வாய்?

செங்கலடிச் சந்தி
நானா, வோட்டர் பம்ப் பற்றிச் சொன்னதுதான் நீங்கள் சொல்லும் வழிக்கே எதிராக நிற்கிறது. இந்த வண்டியில் எயார் பம்ப் பெல்ட்டும் வோட்டர் பம்ப் சில்லைச் சுற்றித்தான் ஓடுகிறது. கரண்ட் தருகிற ஓல்டனேட்டரின் பெல்ட்டும் அதுவும் சேர்ந்துதான் அந்தச் சில்லைப் பிடித்திருக்கின்றன. பம்பையும் பெல்ட்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஒரே பெல்ட், வேகமாகச் சுற்றும்போது அது வழுக்கும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் பம்ப் இருந்த இடத்தில் வெறும் சில்லு ஒன்றைப் பூட்டிப் பெல்ட்டை அப்படியே ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் ஓல்டனேட்டருக்கு இரட்டைப் பெல்ட் சில்லு போட வேண்டும். இதைச் சொல்லாமல் கழற்று என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தம்பி, ஓயில் விட்டது பெரிய பிழை. உள்ளே இருப்பவை கார்பன் தகடுகள், அவை காய்ந்தபடி சுழல வேண்டியவை. ஓயில் பட்டால் தூசி ஒட்டிப் பசையாகி, தகடு அதன் பள்ளத்துக்குள் சிக்கிக்கொள்ளும். பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் பெயரிங்கும் சீக்கிரம் போகும்.

முதலில் சத்தம் பம்பில் இருந்துதான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது எயார் பம்ப் பெல்ட்டை மட்டும் கழற்று, ஒரு நிமிடம் ஸ்டார்ட் பண்ணிக் கேள். சத்தம் போய்விட்டால் பம்ப்தான். பிறகு சில்லைக் கையால் சுற்றிப் பார். இலேசான உரசல் இருப்பது வழக்கம், கரடுமுரடாக இருந்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பெயரிங் முடிந்தது. அப்படியே பம்பில் இருந்து போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார், கரி இருக்கிறதா என்று சொல்.

அக்கரைப்பற்றுவாசி
புகைப் பரிசோதனை என்ன ஆகும்? சான்றிதழ் இல்லாமல் ரெவனியூ லைசன்ஸ் தரமாட்டார்களே.

கல்முனை மெக்கானிக்
ஐட்லிங்கிலும் நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் வெறுமனே நிற்க வைத்துத்தான் பார்க்கிறார்கள். கலவையைச் சரியாக வைத்தால் பாஸாகும்.

செங்கலடிச் சந்தி
சாதாரண என்ஜினுக்கு அது சரி. ரோட்டரியின் எரியறை நீண்டு ஒடுங்கியது, ஓரங்களில் நெருப்பு எட்டாது, எரியாத பெற்றோல் எப்போதும் கூடுதலாகவே வெளியே வரும். ரோட்டர் முனைகளில் இருக்கிற எபெக்ஸ் சீலுக்காக ஓயிலையும் எரியறைக்குள் விடுகிற என்ஜின் அது. அதனால்தான் மாஸ்டா அந்தப் பம்பை வைத்தது. ஐட்லிங்கில்தான் அதன் காற்று எக்ஸோஸ்ட் வாசலுக்கு அதிகம் தேவை, நீங்கள் சொல்கிற பரிசோதனையும் அங்கேதான் நடக்கிறது. புகையைச் சுத்தம் செய்கிற கட்டலிடிக் கொன்வேட்டரும் அந்தக் காற்றை நம்பித்தான் இருக்கிறது. காற்று இல்லாமல் ஓடினால் அது நாளடைவில் வீணாகும், அடைபட்டால் என்ஜினுக்கு மூச்சு முட்டும்.

இன்னொன்று, 1989இல் இருந்து வந்த டர்போ இல்லாத எஃப்சி மாடலில் மேலதிகக் காற்று வாசல்களைத் திறப்பதே இந்தப் பம்பின் அழுத்தம்தான். இதைப் படித்துவிட்டு அந்த வண்டி வைத்திருப்பவர் யாராவது பம்பைக் கழற்றினால், மேல் வேகத்தில் இழுவை எங்கே போனது என்று தேடுவார்.

கல்முனை மெக்கானிக்
கொள்கையில் நீ சொல்வது சரி, நான் மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு: இத்தனை வருடப் பழைய பம்புக்கு மாற்றுப் பம்பை எங்கே தேடுவது? கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் கிடைத்தாலும் அதுவும் இதே வயதுதான், இதே கதியில்தான் இருக்கும். காசு போட்டு இன்னொரு சத்தத்தை வாங்கி வருவான் பையன். இரண்டு பெல்ட் பற்றி நீ சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சில்லை லேத்தில் கடைந்து தரலாம்.

வாவிக்கரை
பார்த்துவிட்டேன். பெல்ட்டைக் கழற்றியதும் சத்தம் அடியோடு நின்றது. சில்லைச் சுற்றினால் கரகரக்கிறது, மேலும் கீழும் ஆடுகிறது. ஹோஸுக்குள் விரலை விட்டேன், அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக வந்தது. ஹோஸின் ஒரு பக்கம் வெந்து வெடித்திருக்கிறது.

செங்கலடிச் சந்தி
அப்படியென்றால் குற்றவாளி பம்ப் இல்லை. எக்ஸோஸ்ட் பக்கத்தில் ஒருவழி வால்வு இருக்கிறது, காற்று அங்கே போகலாம், புகை திரும்பி வரக்கூடாது. அதைக் கழற்றி வாயால் ஊதிப் பார். இரண்டு பக்கமும் காற்று போனால் சூடான புகை இவ்வளவு நாளும் பம்புக்குள் திரும்பி வந்து அதை வேகவைத்திருக்கிறது. வால்வை மாற்றாமல் எந்தப் பம்பைப் போட்டாலும் அதுவும் சாகும்.

வாவிக்கரை
இரண்டு பக்கமும் போகிறது அண்ணன். வால்வு துருப்பிடித்துத் திறந்தபடியே நிற்கிறது. வாவிக்காற்றில் அத்தனை வருடம் நின்றதன் வேலை.

கல்முனை மெக்கானிக்
சரி, இது நான் நினைக்காத இடம். வால்வைத்தான் முதலில் மாற்ற வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பம்பை ஞாயிற்றுக்கிழமை கல்முனைக்குக் கொண்டு வா தம்பி. முன் பெயரிங் தனியாக வரும், அளவு பார்த்துப் புதிதாகப் போடலாம். ஆனால் உள்ளே உருளைச் சுவர் துருவில் குழி விழுந்திருந்தால் அதற்கு மருந்து இல்லை, அப்போது பம்புக்குப் பதில் வெறும் சில்லுதான். பிறகு என்னோடு வாதாடக் கூடாது.

வாவிக்கரை
ஓம் நானா, காலை எட்டு மணிக்கு வருகிறேன். காரைக் கொண்டுவரவில்லை, பம்பையும் வால்வையும் மட்டும் பஸ்ஸில் எடுத்து வருகிறேன்.