கென்தும்–ஸதெம்: இந்தோ-ஐரோப்பியத்துக்கு இரண்டு கிளையா, பத்தா?

வினவி:
நூறு என்பதற்கு லத்தீனில் ‘கென்தும்’, பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் ‘ஸதெம்’. இதை வைத்து இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தை மேற்குக் கிளை, கிழக்குக் கிளை என்று பழைய நூல்கள் பிரிக்கின்றன. இப்போதைய மரப்படத்திலோ பத்துக் கிளைகள். எது சரி? ஆர்மீனியம் ஏன் தனியே நிற்கிறது?

ஒலியன்:
பத்துதான். அனத்தோலியம், தொக்காரியம், கிரேக்கம், இத்தாலிக், கெல்டிக், ஜெர்மானிக், பால்டோ-ஸ்லாவிக், இந்தோ-ஈரானியம், ஆர்மீனியம், அல்பேனியம். முதல் இரண்டும் அழிந்துபோனவை. பால்டிக்கையும் ஸ்லாவிக்கையும் பிரித்து எண்ணுகிறவர்களுக்குப் பதினொன்று.

கிழக்கு–மேற்குக் கணக்கைக் கவிழ்த்தது தொக்காரியம். இன்றைய சிஞ்சியாங்கின் தாரிம் வடிநிலத்தில் கிடைத்த சுவடிகளை ஆராய்ந்து, அது இந்தோ-ஐரோப்பிய மொழி என்று 1908இல் ஜெர்மன் அறிஞர்கள் சீக், சீக்லிங் இருவரும் காட்டினார்கள். அவ்வளவு கிழக்கே கிடந்த மொழியில் நூறு என்பது ‘கன்தெ’! பழைய ‘க’வை மாற்றாமல் வைத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது, இரண்டு மொழிகள் தனித்தனியாகவே அப்படி வைத்திருக்கலாம். கிளை என்று சொல்ல, சேர்ந்து செய்த புது மாற்றம் வேண்டும். ஜெர்மானிக்கில் ‘க’ ‘ஹ’ ஆனது அப்படிப்பட்டது. ஆங்கில ‘ஹண்ட்ரட்’டின் முன்பாதிக்கும் ‘கென்தும்’முக்கும் வேர் ஒன்றுதான்.

‘க’ ‘ஸ’ போன்ற ஒலியான ஸதெம் பக்கத்து மாற்றம் புதியதுதான். ஆனால் அது ஒரே மூதாதையிடமிருந்து வந்ததல்ல, அக்கம்பக்கத்துக் கிளைகளுக்குள் பரவியது என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து.

வேர்ச்சொல்:
ஆர்மீனியத்தில் ஈரானியக் கடன்சொற்கள் குவிந்து கிடப்பதால் அதை ஈரானியத்தில் சேர்த்திருந்தார்கள். 1875இல் ஹூப்ஷ்மான் என்ற ஜெர்மன் மொழியறிஞர் கடன்சொற்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்த்தார். அதன் ஒலிவிதிகளே வேறு. அங்கே இரண்டு என்பது ‘எர்கு’. லத்தீன் ‘துவோ’வுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான், காதுக்குத்தான் நம்ப முடியாது.

வினவி:
அப்படியானால் ஜெர்மன் ‘ஹாபென்’, லத்தீன் ‘ஹபேரே’? இரண்டுக்கும் ‘வைத்திருத்தல்’ என்றே பொருள்.

ஒலியன்:
உறவில்லை. ஜெர்மன் ‘ஹ’ பழைய ‘க’விலிருந்து வந்தது என்று மேலே பார்த்தோம். எனவே ‘ஹாபென்’னுக்கு லத்தீன் ஜோடி ‘கபெரே’, அதாவது பிடித்தல். லத்தீன் சொல் ‘ஹ’வில் தொடங்கினால் ஜெர்மனில் ‘தங்கம்’ என்னும்போது வரும் ‘க’வைத் தேடுங்கள். லத்தீன் ‘ஹோஸ்திஸ்’ முதலில் அந்நியன், பிறகு எதிரி. அதன் ஜெர்மன் ஜோடி ‘காஸ்ட்’, விருந்தாளி.