லாரித் தாங்கமைவின் ‘பொருத்துநிலைச் சரிபார்ப்பு’: ஒரு சொல் முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

கனரக வண்டிப் பராமரிப்புக் கையேட்டில், லாரியின் சஸ்பென்ஷன் (சட்டகத்தைச் சக்கர அச்சின் மேல் தாங்கி அதிர்வைக் குறைக்கும் அமைப்பு) உறுப்புகள் முறையாகப் பூட்டப்பட்டுள்ளனவா என்று பார்க்கும் வேலைக்கு ‘இடைநிறுத்த நிறுவல் சோதனை’ என்ற தொடர் முன்வைக்கப்பட்டுள்ளது. அதன் மூன்று சொற்களில் ஒன்றும் எனக்கு உடன்பாடில்லை.

இடைநிறுத்தம் என்றால் ஒரு வேலையைப் பாதியில் நிறுத்துவது என்றே எவரும் கொள்வர். ‘தொங்கல்’ என்ற மாற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. குதிரை வண்டிகளின் கூட்டைத் தோல்வார்களில் தொங்கவிட்ட காலத்தில் ஐரோப்பிய மொழிகளில் அந்தப் பெயர் அமைந்தது. இன்றைய லாரியிலோ சட்டகமும் சரக்கும் பெரும்பாலும் வளைந்த எஃகுப் பட்டைகளின் (லீஃப் ஸ்பிரிங்) மேல் தாங்கப்படுகின்றன என்பதால், ‘தாங்கமைவு’ என்பதே செயலுக்கு நெருக்கமானது.

அடுத்தது ‘நிறுவல்’. சிலையையும் மென்பொருளையும் நிறுவுகிறோம். பட்டறையில் பட்டையைப் பூட்டுகிறார்கள் அல்லது பொருத்துகிறார்கள். ‘பூட்டு’ கதவை நினைவூட்டும், ‘பொருத்தம்’ என்று நிறுத்தினால் ஜாதகக்காரர் வந்துவிடுவார். ‘அமர்வு’ என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் பட்டை ‘உட்கார்ந்துவிட்டது’ என்றால், அது வளைவு இழந்து தளர்ந்துவிட்டது என்று மெக்கானிக் புரிந்துகொள்வார். சரியாகப் பூட்டியதைக் குறிக்க வேண்டிய சொல் பழுதைக் குறிக்கும் சொல்லோடு மோதக் கூடாது.

எந்தச் சொல்லை ஏற்பதானாலும், அந்த வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அது தாங்க வேண்டும். பட்டைக் கட்டை ஒன்றாகப் பிடிக்கும் நடு போல்ட்டின் தலை, அச்சின் மேலுள்ள குழியில் முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். அது விளிம்பில் ஏறி நின்றால், பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ வடிவப் போல்ட்டை (யூ போல்ட்) எவ்வளவு இறுக்கினாலும் அச்சு தன் இடத்தில் நிற்காது. பல வண்டிகளில் நடு போல்ட் பட்டையின் சரிபாதியில் இருப்பதில்லை. ஆகவே முன்பின் மாற்றிப் பூட்டினால், எல்லா நட்டும் இறுக்கமாக இருந்தும் அச்சு முன்னோ பின்னோ தள்ளிப் போய்விடும். இதனால்தான் பட்டையின் முன்முனையைச் சட்டகத்தில் பிடிக்கும் முன் தாங்கியிலிருந்து அச்சின் மையம் வரையுள்ள தூரத்தை இருபுறமும் அளந்து ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒவ்வாவிட்டால் வண்டி நேராகச் செல்லாமல் சற்றே கோணலாக ஓடும், டயரும் ஒருபுறமாகத் தேயும். அச்சின் ஒரு பக்கத்துக்கு இரண்டு யூ போல்ட், நான்கு நட்டு என்பது வழக்கமான அமைப்பு. அவற்றைக் குறுக்குமறுக்காகப் படிப்படியாக, டார்க் ஸ்பானர் கொண்டு தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் (இணைப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் உறை) உள்ள இணைப்புகளை வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கி நிறுத்திய நிலையில் இறுக்கிவிட்டால், புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மீண்டும் இறுக்கிப் பார்ப்பதும் இந்த வேலையின் பகுதியே.

இடம், திசை, இறுக்கம், எடை தாங்கும் நிலை ஆகிய நான்கும் இதில் சேர்ந்திருப்பதால், ‘பொருத்துநிலை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். பூட்டும் செயலையும், பூட்டியபின் உறுப்பு இருக்கும் நிலையையும் அது ஒருங்கே சுட்டுகிறது.

‘சோதனை’யை வண்டியை ஓட்டியும் குலுக்கியும் பார்ப்பதற்கு ஒதுக்கிவிடலாம். குறிக்கப்பட்ட அளவோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடும் இந்த வேலைக்குச் ‘சரிபார்ப்பு’ போதும். கையேட்டில் வாக்கியம் இப்படி அமையும்: “பட்டைக் கட்டை மாற்றிய பின், தாங்கமைவின் பொருத்துநிலைச் சரிபார்ப்பை முடிக்காமல் சரக்கு ஏற்றக் கூடாது.”

யூ போல்ட், புஷ், ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சட்டகத்தோடு இணைக்கும் அசையும் துண்டு) ஆகியவற்றைத் தமிழாக்க வேண்டும் என்ற கருத்தில் எனக்கு ஆர்வமில்லை. உதிரிபாகக் கடையில் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பொருளைக் கேட்க வேண்டியிருக்கிறது. ‘தாங்கமைவு’ என்பதைவிடக் குறுகிய சொல் எவரிடமாவது இருந்தால், பட்டைக்குப் பதிலாகக் காற்றுப்பை வைத்த வண்டிகளுக்கும் அது பொருந்துமா என்று பார்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.